யோர்தான் கேக்கு

கோட்டைமேட்டில் ரசாக் வீட்டு வாசலில் செங்கல் வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு முழுக்க ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து தூக்கி வந்த சாரல் செங்கல் மேலும் தொப்பிகள் மேலும் பொடிப்பொடியாக விழுந்தது.

"என்னுங்க பாய், மாடி எடுக்கறீங்களா?"

"ஆமாங்க, சின்ன வேலைதானுங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு ரசாக் உள்ளே வந்தார்.

அவர் மனைவி மெஹராஜ் ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு சுவர் வரப்போகிறது. வாசலில் ஆரம்பித்துச் சமையல்கட்டு வரைக்கும். இந்தப் பக்கம் ரசாக் குடும்பம், அந்தப் பக்கம் அவர் தம்பி அனீஸ் குடும்பம். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.

"ஏனுங்க, செவுரு சமையக்கட்டுக்குள்ளயும் போகுதுங்களா?"

"பின்ன, போகாம?"

"அப்ப அடுப்பு ஆரு பக்கமுங்க, கொழாய் ஆரு பக்கமுங்க?"

 அதுவரைக்கும் ரசாக் அதை யோசிக்கவில்லை.

"அடுப்பு நமக்கு."

"தண்ணிக்கு?"

"புதுசா ஒரு கொழாய் இழுத்துக்கலாம்."

"அவிங்களுக்கு அடுப்பு?"

"அவிங்க பாத்துக்குவாங்க. பெரிய பெரிய ரோசனையெல்லாம் ஆரையும் கேக்காம பண்றவனுக்கு ஒரு அடுப்பு வாங்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்றை விட்டுவிட்டு அவர் போய் மெஹராஜ் பார்த்ததில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரி இருந்தது. அனீஸ் ஓவனில் நிற்பான். ரசாக் கல்லாவில் உட்காருவார். கேக்குக்கு ஐசிங் செய்வது மட்டும் மெஹராஜ். பின்கட்டில் ஒரு மேஜை போட்டு, கல்யாணமாகி வந்த புதிதில் ஆரம்பித்தது, இன்றைக்கு வரைக்கும் அவள் கைதான். பிறந்தநாள் கேக்கில் பேர் எழுதுகிறபோது அந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுவாள். ஒரு பிள்ளையையும் பார்த்ததில்லை. டப்பாவில் போட்டு முன்னால் அனுப்பிவிடுவதோடு அவள் வேலை முடிந்தது.

சண்டை வந்தது போனில். துடியலூரிலிருந்து ஒருத்தர் கடைக்குக் கூப்பிட்டு, "போர்டு வெக்கறதுக்கு எத்தனை அகலம் வேணும்னு அனீஸ் பாயக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். எந்தப் போர்டு என்று ரசாக் கேட்டார். துடியலூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் அனீஸ் ஒரு கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து வைத்திருக்கிறான் என்பது அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியாம பிராஞ்சு போடறியா?"

"நானும் இந்தக் கடையில பாதிதானுங்கண்ணா."

அந்தப் 'பாதி' என்கிற வார்த்தையைத்தான் ரசாக் பிடித்துக்கொண்டார். "பாதியா? செரி, அப்ப எல்லாத்தையும் பாதி ஆக்கிடலாம்."

அன்றிலிருந்து கல்லாவுக்கும் ஓவனுக்கும் பேச்சு இல்லை. நடுவில் நின்ற டீ மாஸ்டர் பிரான்சிஸ் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. "தேங்கா பன்னு எப்ப வருமுன்னு அண்ணன் கேக்கறாருங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்லுவார். "இதோ வருதுன்னு சொல்லுங்க" என்பான் அனீஸ். "இதோ வருதாமுங்க" என்று வெளியே பார்த்துச் சொல்லுவார். மூன்று பேரும் நிற்பது ஒரே அறையில்.

இந்தச் சண்டைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் சிரித்துக்கொண்டு துடியலூர் போய் வந்தது.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே போனால் ஒரு பண்பாட்டு மையம். பழைய நூல் குடோனை மாற்றிக் கட்டினது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே குடும்பம் குடும்பமாக வரச்சொல்லி ஏதாவது நடத்துவார்கள். ஒரு மாதம் கும்மி, ஒரு மாதம் களிமண், இந்த மாதம் நிழல்பாவைக் கூத்து. பெற்றவர்கள் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. அப்பனும் ஆத்தாளும் கூடவே தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோல் பிடிக்க வேண்டும். அனீஸ் மனைவி ஹிபாதான் எங்கேயோ விசாரித்து வந்து எல்லாரையும் சேர்த்துவிட்டாள்.

நடத்துகிற ரெபேக்கா துடியலூர்க்காரி. குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும்.

"பாவைக்கூத்துன்னா ராஜா கதைதான் வேணுமின்னு இல்லீங்க. உங்க ஊட்டுல நடந்தது, நீங்க சிரிச்சது, அழுதது, எதுன்னாலும் கொண்டாங்க. கறுப்புச் சார்ட்டுல உருவம் வெட்டி, மூங்கில் குச்சி ஒட்டி, பின்னால ஒரு லைட்டு. அவ்வளவுதானுங்க. மூணாவது ஞாயித்துக்கெழமை எல்லார் கதையும் திரையில வந்துரணும்."

திரும்புகிற வழியில் வேனில் அதே பேச்சு. ரசாக் ஓட்டிக்கொண்டே போத்தனூர் கேக்குக் கதையைச் சொன்னார். ரிஃபத் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. போத்தனூரில் ஆரோக்கியதாஸ் என்பவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று அடுக்கு கேக்கு ஆர்டர். அப்போது வேன் இல்லை. கீழ் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் பின்னால் அனீஸ் உட்கார, ரசாக் ஓட்ட, வழியில் கேக்கு இரண்டாகப் பிளந்துவிட்டது.

"அவன் கையி வழுக்கிருச்சு" என்றார் ரசாக்.

"அண்ணன் ஸ்பீடு பிரேக்கர்ல பறந்தாருங்க" என்றான் அனீஸ்.

வேனே குலுங்கிச் சிரித்தது. அனீஸின் மகள் இல்மா, நாலாம் வகுப்பு, "பெரியத்தா, இதையே கூத்துப் போடலாமுங்க" என்றாள். எல்லாருக்கும் சம்மதம். அந்த வாரத்திலேயே போன் வந்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு வேன் சாவியை ரசாக் கொடுக்கவில்லை. பொம்பளைகள் நாலு பேரும் டவுன்ஹாலில் பஸ் ஏறினார்கள். மெஹராஜ், ஹிபா, காலேஜில் முதல் வருஷம் படிக்கிற ரிஃபத், இல்மா.

"வூட்டு ஆம்பளைங்க வரலீங்களா?" என்று ரெபேக்கா கேட்டாள்.

"கடையில ஆர்டருங்க" என்றாள் ஹிபா. இரண்டு ஆண்களுக்கும் சேர்த்து ஒரு பொய் போதுமாக இருந்தது.

மெஹராஜ் கத்தரிக்கோலை எடுத்தாள். ஐசிங் கூம்பு பிடித்த கை. ரசாக்கை வெட்டினாள். முதலில் மூக்கு, அப்புறம் தாடி, வயிற்றுக்கு வந்தபோது கத்தரி தானாகவே வெளியே வளைந்து ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. ரிஃபத் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, அத்தா இத்தனை பெருசா?"

"நெழலுல சித்த கொறைஞ்சு தெரியும் கண்ணு."

அனீஸை ஹிபா வெட்டினாள், ஓமக்குச்சி மாதிரி. ஸ்கூட்டர், கேக்கு, கடைசியாக முக்காடு போட்ட ஒரு பொம்பளை உருவம்.

"இது ஆரு பெரியம்மா?" என்றாள் இல்மா.

"நானு. நானும் அன்னிக்கு ஆட்டோவுல பின்னால வந்தனே. மேல் அடுக்கு ரெண்டும் எங்கிட்டத்தான இருந்துது."

"உங்களுக்குப் பேச்சு எழுதவே இல்லையே."

"பரவால்ல. சும்மா நிக்கட்டும்" என்றாள் மெஹராஜ்.

வேட்டித் திரைக்குப் பின்னால் ஒத்திகை பார்த்தார்கள். மெஹராஜ் தன் உருவத்தை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது கூரை வரைக்கும் வளர்ந்தது. திரையோடு ஒட்டிப் பிடித்தால் கச்சிதமாக, கண்ணிமை தெரிகிற மாதிரி நின்றது. குச்சியை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஹிபா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஹிபா கையைக் காட்டினாள். "அதுதானுங்கக்கா அந்தக் கடை."

ஷட்டர் போட்டிருந்தது. மெஹராஜ் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். முன்னால் பஸ் ஸ்டாப், எதிரில் ஒரு டியூஷன் சென்டர், மேட்டுப்பாளையம் போகிற வண்டியெல்லாம் கொஞ்சம் ஓரங்கட்டி நிற்கிற இடம். மழைக்கு ஒதுங்கின சனம் அந்த ஷட்டர் முன்னாலேயே நின்றது. கையில் டீ இல்லாமல், வாயில் பன் இல்லாமல் சும்மா நின்றது. மெஹராஜின் கண் ஷட்டருக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. டீப் பட்டறை வாசலோரம். கேக்குக் கண்ணாடிப் பெட்டி, பிள்ளைகள் மூக்கை ஒட்டிப் பார்க்கிற உயரத்தில். அதுக்குப் பின்னால் நிற்பது யார் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

"என்னுங்கக்கா, கம்முனு ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸு வருது பாரு."

அப்புறம்தான் செங்கல் வந்தது.

ரசாக் சாப்பிடாமல் போன அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓரகத்திகள் இரண்டு பேரும் சமையல்கட்டில் உட்கார்ந்து, ஆறின நெய்ச்சோற்றில் எலும்பு போட்ட தால்ச்சாக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஹிபா அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஆனால் நன்றாகச் சாப்பிட்டாள்.

"அவரு தினமும் பொலம்பறாருங்கக்கா. அண்ணங்கிட்ட கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்னு. போய்ச் சொல்லுங்கன்னா, செங்கல்லு எறக்குனவருகிட்ட நானென்ன சொல்றதுங்கறாரு."

"இவரும் அப்படித்தான். ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு உக்காந்துக்கறாரு. கேட்டா காத்து வரலைங்கறாரு. ஆடி மாசத்துல காத்து வரலையாமா."

"ஞாயித்துக்கெழமை கூத்துக்கு என்ன பண்றதுங்க?"

மெஹராஜ் ஒரு எலும்பை உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் யோசித்தாள். "நீ அனீஸ்கிட்ட, அண்ணன் வரமாட்டாருன்னு சொல்லு. நான் இவருகிட்ட, அனீஸ் வரமாட்டாருன்னு சொல்லறேன். அவிங்கவிங்க புள்ளை கூத்த அவிங்கவிங்க பாக்க வந்துதான ஆகோணும்?"

ஹிபா மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மையத்து வாசலில் வேனை நிறுத்திவிட்டு இறங்கினபோது, பைக்கிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த அனீஸை ரசாக் பார்த்தார்.

"வரமாட்டான்னு சொன்ன?"

"அவருக்கு மனசு மாறிருச்சாட்ட இருக்குதுங்க" என்றாள் மெஹராஜ். அந்தப் பக்கம் ஹிபாவும் ஏறக்குறைய அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் நாற்காலி வரிசையின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் போய் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் எல்லாம் ஊர் ஊராக வந்த குடும்பங்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முதலில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த மோகனப்பிரியா குடும்பம். அவள் வீட்டுக்காரர் இளநீர் போடுகிறேன் என்று தென்னை மரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் மேலேயே உட்கார்ந்திருந்த கதை. மரத்துக்குக் கீழே ஒவ்வொரு சொந்தக்காரராக வந்து ஒவ்வொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டுக்காரரே பின்னால் உட்கார்ந்து பொம்மையை ஆட்டினார். ரசாக் சத்தமாகச் சிரித்துவிட்டு, தம்பி பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். தம்பியும் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் முகத்தை இறுக்கிக்கொண்டார்கள்.

அடுத்தது இவர்கள் முறை.

திரையில் ஸ்கூட்டர் வந்தது. முன்னால் வயிறு, அதற்குப் பின்னால் ரசாக். கூட்டம் சிரித்தது. "என்னையவா வெட்டி வெச்சிருக்கறீங்க?" என்று ரசாக் முனகினது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. பின்னால் ஒல்லியாக அனீஸ், மடியில் கேக்கு. இல்மா கதை சொன்னாள். ரிஃபத் பொம்மைகளைப் பிடித்திருந்தாள்.

"போத்தனூருக்குப் போற வழியில," என்றாள் இல்மா, "எங்கத்தா கையி வழுக்கிருச்சுங்க. கேக்கு ரெண்டாப் போச்சுங்க."

"வழுக்கலீங்க" என்று ஒரு குரல் இருட்டில் கேட்டது. அனீஸ் எழுந்து நின்றுவிட்டான். "ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி பறந்துதுங்க."

"அங்க ஸ்பீடு பிரேக்கரே இல்ல" என்றது இன்னொரு கோடி.

"இருந்துதுங்க."

"நான் ஓட்டுனேன், எனக்குத் தெரியாதா?"

"பாத்து ஓட்டியிருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க."

கூட்டம் இதையும் கூத்தில் சேர்த்துக்கொண்டு கைதட்டியது. சண்டைக்கு அப்புறம் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசின முதல் பேச்சு இதுதான் என்று திரைக்குப் பின்னால் இருந்த நாலு பேருக்கு மட்டும்தான் தெரிந்தது. 

ரெபேக்கா விடவில்லை. "ஏனுங்க, ரெண்டு பேரும் அங்கிருந்து பேசுனா எப்படிங்க? பின்னால போய் உங்க பொம்மைய நீங்களே பேச வெய்யுங்க."

நாலு பேர் நிற்கிற இடத்தில் ஆறு பேர் ஆனார்கள். லைட்டுச் சூடு, வேர்வை, ரசாக்கின் அத்தர் வாசம். ரிஃபத் அவசரத்தில் பொம்மைகளை மாற்றிக் கொடுத்துவிட்டாள். வயிற்றுப் பொம்மை அனீஸ் கைக்குப் போயிற்று, ஒல்லிப் பொம்மை ரசாக் கைக்கு. மாற்றிக்கொள்ள நேரமில்லை. திரை அவர்களுக்காகக் காத்திருந்தது.

அனீஸ் அண்ணன் குரலை எடுத்தான். ஓவன் பக்கம் நின்று இத்தனை வருஷம் கேட்ட குரல், சுலபமாக வந்தது. "டேய் தம்பி, இறுக்கப் புடிச்சுக்க, ஒரே முறுக்கு, போத்தனூரு."

சனம் சிரித்தது. ரசாக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒல்லிப் பொம்மையை முன்னால் தள்ளி, மூக்கால் பேசினார். "அண்ணா, நான் ஆரையும் கேக்க மாட்டேனுங்க. நானே கடை புடிப்பேன், நானே போர்டு வெப்பேன்."

"என்ன கடை?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள். இன்னொருத்தர் சும்மா இருக்கச் சொன்னார்.

வயிற்றுப் பொம்மை அசையாமல் நின்றது. அப்புறம் மெதுவாக, "கடைக்காரன் போன் போட்டுத்தான் நான் தெரிஞ்சுக்கணுமாடா? என்னைய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நான் உனக்கு ஆரு?" என்றது. அனீஸ் இப்போதும் அண்ணன் குரலில்தான் பேசினான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

ரசாக் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தார். மூக்குக் குரலிலேயே ஆரம்பித்தார். "கேட்டா வேண்டாம்பீங்கண்ணா. புது ஓவன் கேட்டேன், வேண்டாம்னீங்க. வேன் கேட்டேன், அப்பறம் பாக்கலாம்னீங்க. அப்பறம் நீங்களே வாங்கிட்டு வந்து, எப்படி இருக்குதுன்னு எங்கிட்டயே கேட்டீங்க. எப்பக் கேட்டாலும்..." மூக்குக் குரல் பாதியில் போய் அவருடைய சொந்தக் குரல் வந்துவிட்டது. "எப்பக் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கறேன்."

திரையில் இரண்டு நிழலும் சும்மா நின்றன. வெளியே ஒரு குழந்தை, "முடிஞ்சுருச்சா?" என்றது. ஹிபா மெஹராஜின் முழங்கையைக் கிள்ளினாள்.

மெஹராஜ் முக்காட்டுப் பொம்மையைத் திரைக்குக் கொண்டுவந்தாள். பேச்சு எழுதாத பொம்மை.

"நீங்க ரெண்டு பேரும் மாதா கோயில் மண்டபத்து வாசல்ல நின்னு, நீ போட்ட நீ போட்டன்னு சண்டை பிடிச்சீங்க. உள்ள கேக்கு என்னாச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஆராச்சும் எங்கிட்டக் கேட்டீங்களா?"

ரசாக் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வயித்துல ரிஃபத்து, மடியில ரெண்டு அடுக்கு. ஆட்டோவுல எறங்கிப் பாக்கறேன், கீழ் அடுக்கு நடுவால வளைஞ்சு வளைஞ்சு பொளந்து கெடக்குது. பொண்ணு மாப்பிள்ளை இன்னும் அரை மணியில வந்துருவாங்க. எங்கிட்ட வெள்ளைக் க்ரீம் கொஞ்சூண்டு, நீல க்ரீம் ஒரு கூம்பு. நீலம் எதுக்குன்னு எனக்கே தெரியாது, பையில கெடந்துது. பொளந்த எடம் பூராவும் நீலத்த ஊத்தி ரொப்புனேன். ரெண்டு கரையிலும் பச்சைச் செர்ரிய நட்டு வெச்சேன். அப்ப பொண்ணோட அப்பா ஆரோக்கியதாஸ் வந்துட்டாருங்க. கண்ணாடியத் தூக்கிவிட்டுக் குனிஞ்சு பாக்கறாரு. எனக்கு உசுரே இல்லை. பாத்துட்டு, 'ஏம்மா, இது யோர்தான் ஆறுங்களா?'ன்னாரு."

முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"யோர்தான்னா என்னான்னு எனக்கென்ன தெரியும்? ஆமாங்கன்னுட்டேன். அந்த மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. 'எங்க சாமி ஞானஸ்நானம் வாங்குன ஆத்த, கேட்காமயே செஞ்சு கொண்டாந்திருக்கறீங்களே'ன்னு சாமியாரக் கூட்டியாந்து காட்டுனாரு. சாமியாரு சொந்தக்காரங்களக் கூட்டியாந்தாரு. அதுக்கப்பறந்தான நமக்கு அந்தப் பக்கம் கல்யாண ஆர்டரே வந்துது? ஆத்துக் கேக்கு, ஆத்துக் கேக்குன்னு?"

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ரெபேக்கா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அனீஸ் வயிற்றுப் பொம்மையைக் கீழே விட்டுவிட்டு நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, அந்த டிசைன் அவிங்க கேட்டதுன்னுல்ல நான் நெனச்சுட்டு இருந்தேன்?"

"இன்னொண்ணும் சொல்லிப்போடறேன்" என்றது முக்காட்டுப் பொம்மை. சிரிப்பு அடங்கக் காத்திருந்தது. "ஓவன விட்டுட்டு அனீஸு துடியலூர் வந்தா அங்க வேலை நின்னுரும். கல்லாவ விட்டுட்டு இவரு வரமாட்டாரு. அதுனால துடியலூர் கடைய நான் பாத்துக்கறேனுங்க. சரக்கு வேன்ல வரட்டும். ஐசிங்க இங்கயே செஞ்சுக்கறேன். கேக்கு வாங்கற புள்ளைங்க மூஞ்சிய எனக்குப் பாக்கோணும்."

கைதட்டல் ஓய்வதற்குள் லைட் ஒயரில் இல்மா கால் பட்டு எல்லாம் அணைந்தது. இருட்டில் ரசாக் குரல் தணிந்து கேட்டது.

"பொம்மை பேசுனதா, நெசமா?"

"பொம்மைக்கு என்ன தெரியுமுங்க? நாந்தான் பேசுனேன்."

"இத்தனை நாளு சொல்லவே இல்லையே."

"கேட்டா வேண்டாம்பீங்கன்னுதான்."

 இருட்டில் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அண்ணனா தம்பியா என்று தெரியவில்லை.

மத்தியானம் எல்லாரும் வேனில் ஏறினார்கள். பைக்கை மையத்திலேயே விட்டாயிற்று. வேன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் துடியலூர் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றது. "சாவி வெச்சிருக்கறயா?" என்றார் ரசாக், யாரையும் பார்க்காமல். அனீஸ் குதித்து இறங்கி ஷட்டரைத் தூக்கினான்.

ரசாக் உள்ளே போய் ஒவ்வொரு மூலையாகக் குறை சொன்னார். தரை தண்ணி வாட்டம் சரியில்லை. ஸ்விட்ச் போர்டு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மேற்கு வெயில் நேராகக் கேக்கு மேல் விழும். முன்னால் ஒரு தாழ்வாரம் இறக்காவிட்டால் ஆகாது. அனீஸ் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்கண்ணா, செஞ்சுபோடலாமுங்க" என்றான். ஹிபாவும் மெஹராஜும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டாத சாமானுக்கு ரசாக் குறை சொன்னதே கிடையாது. புடவைக் கடையிலும் சரி, ஆட்டுச் சந்தையிலும் சரி, அவர் குறை சொல்ல ஆரம்பித்தால் பையை விரிக்க வேண்டியதுதான்.

"போர்டுக்கு எத்தனை அகலம் வேணும்?" என்று கடைசியில் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கண்ணா."

"அவளக் கேளு. அவதான இங்க நிக்கப் போறா?"

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். ரசாக் அவருக்கு டீ கொடுத்து, அப்படியே துடியலூருக்குத் தாட்டிவிட்டார், தரையைச் சரி பண்ண. வாசலில் கிடந்த செங்கல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் பாத்ரூம் கட்ட எடுத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஆறு பேரும் கூடத்தில் சாப்பாட்டுக்கு விரிக்கிற சுப்ராத் துணி ஒன்றையே விரித்துச் சாப்பிட்டார்கள். ஸ்பீடு பிரேக்கர் இருந்ததா இல்லையா என்று அண்ணனும் தம்பியும் திரும்ப ஆரம்பித்தார்கள். ரிஃபத் போத்தனூருக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள்.

கடை திறந்து ஒரு மாதம் போல இருக்கும். பொழுது சாய்கிற நேரம். டியூஷன் விட்டு வந்த பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். மெஹராஜ் ஒருத்தனுக்குத் தேங்காய் பன், ஒருத்திக்குக் க்ரீம் பன், தன் பிறந்தநாளை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வந்த ஒரு வாண்டுக்கு, கேக்கில் பேரோடு யானையும் போடுவதாக வாக்கு என்று நிற்க நேரமில்லாமல் இருந்தாள். மாவு படிந்த கையால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தால், பிள்ளைகளுக்குப் பின்னால் ரசாக்.

சரக்கு வேனில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே வரலாம், கல்லாப்பக்கம் சுற்றிக்கொண்டு போகலாம். அவருக்கு எந்த வழியில் போவது என்று தெரியவில்லை போல, நடுவில் நின்றார்.

"வரிசையில வாங்க" என்றாள் மெஹராஜ்.

சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ரசாக் பேசாமல் போய் அவர்களுக்குப் பின்னால் நின்றார். வரிசை நகர்ந்தது. அவர் முறை வந்தபோது கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, எல்லாத் தட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

கோயமுத்தூரில் யாரும் யாரையும் 'ங்க' இல்லாமல் கூப்பிடுவதில்லை. பேப்பர் போடுகிறவருக்கு ங்க, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரசாக் அதைத் தன் பொண்டாட்டிக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த வழக்கம் அவர் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

"ஒரு டீ குடுங்க" என்றார்.

மெஹராஜ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கேலி இல்லை. கடைக்கு வந்த ஆளாகத்தான் நின்றார்.

"சக்கரை போடறதுங்களா?" என்று கேட்டாள், அவருக்கு எத்தனை ஸ்பூன் என்று தெரிந்திருந்தும்.